இலேசான இரட்டைக் குழல்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு கேள்வி கேட்டான். அவனுடைய தாத்தா சிறுவனாக இருந்த காலத்தில், தோட்டத்துத் துரை உள்ளான் சுடப் போகும்போதெல்லாம் அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவராம். "அது மண்வெட்டி அளவுக்குக்கூடக் கனக்காது" என்று பேரனிடம் சொல்லியிருக்கிறார். பையனுக்கு அதை நம்ப முடியவில்லை. "சார், துப்பாக்கி என்றால் கனமாக இருந்தால்தானே பலம்? பணக்காரரான துரை ஏன் இலேசானதைத் தேடி வாங்கினார்? குழல் ஏன் இரண்டு?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அன்று வகுப்பில் பாதி பதில்தான் சொன்னோம். மீதியை இன்று சொல்கிறோம்.

அந்தத் துப்பாக்கி நம் நாட்டு வயலுக்காகப் பிறந்ததன்று. அது பிறந்த நிலம் இங்கிலாந்தின் வடபகுதியும் ஸ்காட்லாந்தும். அங்கே மரமில்லாத மேட்டு நிலங்கள் மைல் கணக்கில் விரிந்து கிடக்கின்றன. முழங்கால் உயரத்துக்கு 'ஹெதர்' என்னும் குறுஞ்செடி மண்டிக் கிடக்கும். ஆகஸ்டு மாதத்தில் அது ஊதா நிறமாகப் பூக்கும். அந்தப் புதருக்குள் வாழ்வது 'கிரவுஸ்' என்ற பறவை. கவுதாரிக்கு உறவு, உடல் அதைவிடப் பெரிது. மனிதன் காலடிக்குச் சில முழத் தூரம் வரும்வரை அசையாமல் பதுங்கியிருக்கும். பிறகு சடாரென்று எழுந்து, நிலத்தை ஒட்டியபடியே பறந்து மறையும். வேடனுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி.

நாயை முன்னே விட்டு, மேடும் பள்ளமும் சேறுமான அந்த நிலத்தில் காலை முதல் மாலை வரை நடக்க வேண்டும். ஒரு நாளில் துப்பாக்கியைச் சுடுவது சில முறைதான். தூக்கிக்கொண்டு நடப்பதோ நாள் முழுவதும். இடுப்பில் வாளியோ தோளில் காண்டாவோ சுமந்து மலைச்சரிவில் பால் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. காலையில் ஒரு கிலோவாக இருப்பது மாலையில் மூன்று கிலோவாகக் கனக்கும்.

பறவை யாருக்குச் சொந்தம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதை விட்டுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் பேசினால் கதை பாதிதான். 1671இல் இங்கிலாந்தில் ஒரு வேட்டைச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் உடையவர், அல்லது அதற்கு ஈடான தகுதி உடையவர்தான் இத்தகைய பறவைகளை வேட்டையாடலாம். தன் கொல்லையில் மேயும் கவுதாரியையும் முயலையும் ஏழைக் குடியானவன் தொடக்கூடாது. இரவில் புகுந்து வேட்டையாடுகிறவனுக்கு 1828ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையான தண்டனை வைத்தது. மூன்றாம் முறை பிடிபட்டால் ஏழாண்டுக்குக் கடல் கடத்தலாம். அக்காலத்தில் கடல் கடத்தல் என்றால் ஆஸ்திரேலியா. ஒரு முயலுக்காகக் குடும்பத்தைப் பிரிந்து கப்பலேறியவர்கள் இருந்தார்கள். வேலியோரம் கம்பி கட்டி, தடுக்கியவன்மேல் தானே வெடிக்கும் பொறித் துப்பாக்கிகளையும் நிலக்காரர்கள் வைத்தார்கள். 1827இல்தான் அவை தடை செய்யப்பட்டன. நிலத் தகுதி என்ற விதி 1831இல் நீங்கியது. அன்று முதல் பணம் கட்டி உரிமச் சீட்டு வாங்கியவர் எவரும், நிலக்காரர் சம்மதித்தால் வேட்டையாடலாம் என்றாயிற்று. கிரவுஸ் வேட்டை ஆகஸ்டு 12ஆம் நாள் தொடங்கி டிசம்பர் 10ஆம் நாள் முடியும் என்று வரம்பு வைத்திருப்பதும் அதே 1831ஆம் ஆண்டுச் சட்டம்தான். அந்த நாள்கள் இன்றும் மாறவில்லை.

இனித் துப்பாக்கிக்கு வருவோம்.

1700களில் வேட்டைத் துப்பாக்கி என்பது ஆளுயரத்தை நெருங்கும் ஒரே நீண்ட குழல். வாய்வழியே மருந்தைப் போட்டு, அதன்மேல் அடைப்பை வைத்துக் கிட்டித்து, ஈய ரவையைப் போட்டு, மீண்டும் அடைக்க வேண்டும். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து சக்கிமுக்கிக் கல்லை இரும்பில் உரசும். பொறி வெளியே உள்ள கிண்ணத்து மருந்தில் விழும். அந்தத் தீ ஒரு சிறு துளை வழியே உள்ளே போக வேண்டும். மருந்து மெல்ல எரிந்ததால், அது முழுவதும் எரிய நீண்ட குழல் வேண்டியிருந்தது. இரண்டு நீண்ட குழல்களைச் சேர்த்துக் கட்டினால் எவராலும் தூக்க முடியாது.

1787இல் ஹென்றி நாக் என்ற லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் குழலின் அடிப்பகுதியைத் திருத்தி அமைத்தார். தீ நேராக மருந்தின் நடுவில் போய்ச் சேர்ந்தது. மருந்து விரைவாக எரிந்தது. அதனால் 40 அங்குலக் குழல் 30 அங்குலமாகக் குறையலாம் என்றாயிற்று. இரும்பு குறைந்த இடத்தில் இரண்டாவது குழலுக்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் பக்கமாக இரண்டு குழல் வைத்த துப்பாக்கி சாதாரண மனிதன் சுமக்கும் எடைக்கு வந்தது இப்படித்தான். ஜோசப் மேன்டன் என்பவர் அதை அழகும் அளவும் உடையதாக்கினார். அவருடைய பட்டறையில் வேலை கற்றவர்களே பிற்காலத்தில் லண்டனில் பெயர்பெற்ற கடைகளை நடத்தினார்கள். அவரோ வழக்குகளில் பணத்தை இழந்து 1826இல் திவாலானார்.

அடுத்தது ஒரு பாதிரியாரின் கதை. எங்கள் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகருக்கு அருகே பெல்ஹெல்வி என்ற சிற்றூர். அங்கே அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற போதகர் இருந்தார். வேட்டையில் விருப்பமுள்ளவர். அவருக்கு ஒரு தொல்லை. கல் உரசிக் கிண்ணத்து மருந்து பளிச்சிட்டதும் பறவை அந்த ஒளியைக் கண்டு திரும்பிவிடும். ரவை போய்ச் சேர்வதற்குள் பறவை அங்கே இருக்காது. இதைத் தீர்க்க வழி தேடினார். அடித்தால் தானே வெடிக்கும் வேதிப்பொருள் ஒன்றைச் சிறிதளவு வைத்து, குதிரை அதன்மேல் சுத்தியல்போல் விழும்படி செய்தார். வெளியே ஒளி இல்லை, காத்திருப்பும் இல்லை. 1807இல் காப்புரிமை பெற்றார்.

தீபாவளிக்குச் சிறுவர்கள் விளையாட்டுத் துப்பாக்கியில் பொட்டு வெடி வைத்துச் சுடுகிறார்களே, அந்தப் பொட்டு இந்தப் போதகரின் கண்டுபிடிப்புக்குப் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். பிறகு வந்தவர்கள் அந்த மருந்தைச் சிறு செப்புக் குல்லாவில் அடைத்தார்கள். பிரிட்டிஷ் படையே 1830களின் இறுதியில் இந்த முறைக்கு மாறத் தொடங்கியது. 1843இல் இறந்த ஃபோர்சைத்துக்குத் தம் கடைசிக் காலத்தில்தான் அரசிடமிருந்து ஒரு சிறு தொகை கிடைத்தது. பறவைக்காகச் செய்தது போர்க்களத்துக்குப் போயிற்று. பயன் வேறு எவரெவருக்கோ போயிற்று.

ரவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உருண்டையாக இல்லாத ரவை நேராகப் போகாது. பிரிஸ்டல் நகரில் வில்லியம் வாட்ஸ் என்ற குழாய்த் தொழிலாளர், உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து ஊற்றினார். கீழே தொட்டியில் தண்ணீர். விழும் துளி காற்றிலேயே உருண்டு திரண்டு, தண்ணீரில் விழுந்து கெட்டியாகும். 1782இல் காப்புரிமை பெற்றார். அதற்காகத் தம் வீட்டின்மேலேயே கோபுரம் கட்டினார்! இலையில் ஒட்டாமல் உருளும் மழைத்துளியைக் கவனித்திருப்பீர்கள். துளி தன்னைத்தானே உருண்டையாக்கிக்கொள்ளும் அதே இயல்புதான்.

இவ்வளவு ஆன பிறகும் மருந்தும் ரவையும் வாய்வழியேதான் போயின. இதில் ஓர் ஆபத்து இருந்தது. ஒரு குழலைச் சுட்டுவிட்டு அதை நிரப்பும்போது, மற்றக் குழல் நிரம்பியபடியே முகத்துக்கு எதிரே நிற்கும். அவசரத்தில் ஒரே குழலில் இரண்டு முறை மருந்து போட்டு, குழல் வெடித்து விரல்களை இழந்தவர்களும் உண்டு. இதற்கு விடை பாரிசிலிருந்து வந்தது. கசிமீர் லெஃபோஷே என்பவர் குழலின் அடிப்பக்கம் கீல் வைத்து, துப்பாக்கியையே நடுவில் மடித்துத் திறக்கும்படி செய்தார். மருந்து, அடைப்பு, ரவை எல்லாம் ஒரே தோட்டாவுக்குள். 1851இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவருடைய துப்பாக்கி வைக்கப்பட்டிருந்தது. ஆங்கிலேயர் முதலில் மூக்கைச் சுளித்தார்கள். பிறகு பார்த்துச் செய்தார்கள். நடுவில் அடித்தால் வெடிக்கும் தோட்டா 1861இல் லண்டனில் விற்பனைக்கு வந்தது.

1875இல் பர்மிங்காமில் இன்னொரு திருப்பம். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்த அன்சன், டீலி என்ற இருவர், வெளியே துருத்திக்கொண்டிருந்த குதிரைகளை உள்ளே மறைத்தார்கள். குழலை மடிக்கும்போதே அந்த எடையால் உள்ளே குதிரைகள் தாமே நாணேறிவிடும். உறுப்புகள் குறைந்தன, விலையும் குறைந்தது. உலகெங்கும் இன்றும் செய்யப்படும் இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் பலவற்றின் வயிற்றுக்குள் இருப்பது அந்த இருவரின் அமைப்புத்தான். இருவரில் ஒருவர் பட்டறை மேற்பார்வையாளர். அதாவது நம் பேச்சில் மண்டோர்.

பர்மிங்காம் நகரில் துப்பாக்கித் தொழிலுக்கென்றே ஒரு வட்டாரம் இருந்தது. ஒரு துப்பாக்கியை ஒருவர் செய்வதில்லை. குழல் பற்றவைப்பவர், துளை குடைபவர், அரம் போடுபவர், விசை செய்பவர், மரக்கட்டை இழைப்பவர், பூவேலை செதுக்குபவர் என்று தனித்தனிப் பட்டறைகள். பாதி முடிந்த துப்பாக்கி சந்து சந்தாகச் சுமந்து செல்லப்படும். பழைய குழல்களை இரும்பு, எஃகுப் பட்டைகளைச் சடைபோல் முறுக்கி, சூடாக்கி அடித்து இணைத்தே செய்தார்கள். அதனால்தான் அவற்றின்மேல் மரத்தின் வரிபோல் கோலம் தெரியும். அந்தச் சம்மட்டி அடித்தவர்களில் எவருக்காவது ஹெதர் மேட்டில் ஒரு நாள் நடக்க வாய்த்திருக்குமா? பால் வெட்டியவர் எத்தனை பேர் மோட்டார் வண்டி வைத்திருந்தார்கள் என்று கேட்பது போலத்தான்.

அங்கே அவர்கள் செய்துகொண்ட நல்ல ஏற்பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1813இல் பர்மிங்காமில் ஒரு சோதனைச் சாலை நிறுவப்பட்டது. ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிட மிகுதியாக மருந்து வைத்து வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால்தான் முத்திரை. முத்திரையில்லாத குழலை விற்பது குற்றம். அந்தச் சாலை இன்றும் நடக்கிறது.

சரி, இலேசான துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? பையன் கேட்ட கேள்வியின் மையம் இதுதான்.

எடை குறையக் குறையச் சுமப்பவனுக்கு நன்மை. ஆனால் சுடும்போது தோளில் விழும் உதை கூடும். சிறு சம்பானில் நின்றுகொண்டு கரைக்குத் தாவிப் பாருங்கள். சம்பான் பின்னால் ஓடிவிடும். பெரிய தோணியிலிருந்து தாவினால் அது அசைவதே தெரியாது. ரவை முன்னே பாய்கிறது; துப்பாக்கி பின்னே தள்ளுகிறது. துப்பாக்கி இலேசானால் தள்ளல் மிகுதி. ஆகவே, எடையைக் குறைத்தவன் ரவையையும் குறைக்க வேண்டும். பர்மிங்காமைச் சேர்ந்த கிரீனர் என்ற துப்பாக்கித் தொழிலதிபரின் பெயரோடு ஒரு கணக்கு வழங்கிவருகிறது. துப்பாக்கியின் எடை ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருக்க வேண்டும். பிள்ளைகளே, பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ரவை ஓர் அவுன்சு என்றால் 96 அவுன்சு. 16 அவுன்சு ஓர் இராத்தல். ஆக 6 இராத்தல். இன்றைய அளவில் ஏறத்தாழ 2.7 கிலோ. ரவை ஒன்றேகால் அவுன்சு என்றால் ஏழரை இராத்தல். முக்கால் அவுன்சுக்குச் சற்று மேலே, அதாவது எட்டில் ஏழு பங்கு என்றால் ஐந்தேகால் இராத்தல் போதும்.

நாங்கள் வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். இரண்டு பைகளில் மணல் நிரப்பினோம். ஒன்று 2.7 கிலோ, மற்றொன்று 3.4 கிலோ. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையில் ஏந்தித் திடலை மூன்று முறை சுற்றினார்கள். முதல் சுற்றில் வித்தியாசமே இல்லை என்றார்கள். மூன்றாம் சுற்றில் கனத்த பையை யார் வாங்கிக்கொள்வது என்று சண்டை வந்துவிட்டது.

குழலின் வாய் அகலத்தைப் 'போர்' என்று சொல்வார்கள். 12 போர் என்றால் என்ன? ஓர் இராத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல். 20 உருண்டைகளாக்கினால் உருண்டை சிறுத்துப்போகும், குழலும் சிறுக்கும். அதனால்தான் எண் பெரிதாகப் பெரிதாகத் துளை சிறியது. 12 போர் குழலின் உள் அகலம் 18.5 மில்லிமீட்டர், 20 போர் 15.6 மில்லிமீட்டர். மேட்டு நில நடை வேட்டைக்குச் சிலர் 20 போரை எடுத்தார்கள். சிலர் 12 போரிலேயே மெலிந்த, குறைந்த ரவை போடும் துப்பாக்கியை விரும்பினார்கள்.

இந்த இரண்டு அளவையும் ஒரே பையில் கலந்து வைப்பது உயிருக்கு ஆபத்து. 20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போர் குழலில் போட்டால், அது உள்ளே வழுக்கிப்போய்ச் சற்றுத் தள்ளிச் சிக்கிக்கொள்ளும். வெறுங்குழல் என்று நினைத்துப் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால், குழலே பிளந்து இடக்கையைக் கொண்டுபோய்விடும். இதனால் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் என்று வழக்கமாகியது.

ஏன் இரண்டு குழல் என்றானே பையன், அதற்கு விடை இரண்டாவது முறை சுடுவதற்காக மட்டுமன்று. குழலின் வாயைச் சற்றே குறுக்கினால் ரவை நெருக்கமாகப் போகும். குறுக்காவிட்டால் விரைவில் விரியும். இந்த உத்தியை 1870களில் கிரீனர் முதலியோர் பரப்பினார்கள். குறுக்குவது மிகுதியாகப் போனால் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். காலடியிலிருந்து எழும் பறவை முதலில் அருகில் இருக்கும். அதற்கு விரியும் குழல். தவறினால், இரண்டாம் முறை சுடுவதற்குள் அது தொலைவில் போயிருக்கும். அதற்கு நெருக்கும் குழல். இரண்டு விசைகள் இருப்பதால் எந்தக் குழல் என்பதை விரலே தேர்ந்துகொள்ளும். ஒற்றைக் குழலில் இது முடியாது.

குழலின் நீளத்தில் ஒரு சச்சரவு நடந்தது. 30 அங்குலமே சரி என்று பழையவர்கள் இருக்க, 1920களில் ராபர்ட் சர்ச்சில் என்ற லண்டன்காரர் 25 அங்குலம் போதும் என்று வாதாடி, அப்படியே செய்து விற்றார். குட்டைக் குழல் விரைவாகத் திரும்பும். நீண்ட குழல் நிதானமாக ஓடும். கூர்ந்து பார்த்தால் இருவர் சொன்னதும் சரிதான். நம் கருத்து, நீளத்தைவிடக் கட்டை முக்கியம். நல்ல கடைக்காரர் வாங்க வந்தவரின் கை நீளம், கழுத்து, தோள் அகலம் எல்லாம் அளந்து, கட்டையைச் சற்று வளைத்தும் தாழ்த்தியும் செய்வார். தூக்கியதும் கண் தானாகக் குழலின் நடுவே வந்து நிற்க வேண்டும். இன்னொருவர் உளியில் பால் வெட்டினால் பட்டை ஆழமாகக் காயப்படுவதில்லையா, அது போலத்தான்.

இலேசான துப்பாக்கி நடக்கிறவனுக்கு உரியது. ஆனால் இரயிலும் தோட்டாவும் வந்த பிறகு வேட்டையின் போக்கே மாறியது. செல்வர்கள் மறைவுச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். கூலி ஆள்கள் கொடியசைத்துப் பறவைகளை அவர்கள் தலைக்குமேல் விரட்டினார்கள். 1888 ஆகஸ்டு 30ஆம் நாள் யார்க்ஷையர் மேட்டில் வால்சிங்காம் பிரபு ஒரே நாளில், தனியொருவராக, 1,070 கிரவுஸ் சுட்டார். நின்ற இடத்தில் நூற்றுக்கணக்கில் சுடுபவருக்கு இலேசான துப்பாக்கி உதவாது, தோள் வீங்கிவிடும். அவர்கள் கனத்ததை விரும்பினார்கள். நிரப்பிக் கொடுக்க ஆள் இருந்தது. இதை வீரம் என்று எழுதிவைத்த நூல்கள் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. கிரவுஸ் தப்பியது. அமெரிக்காவில் வானத்தை மறைத்துப் பறந்த பயணப் புறாவோ வலையாலும் துப்பாக்கியாலும் அழிந்து, கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச் சாலையில் இறந்தது. சேற்றில் கிடந்த ஈய ரவையைத் தின்று நீர்ப்பறவைகள் நஞ்சேறிச் சாவது தெரிந்து, அமெரிக்கா 1991இலும் இங்கிலாந்து 1999இலும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தைத் தடுத்தன.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்க முடியாது. பழைய தோட்டா ஏதாவது காட்டிலோ பழைய பங்களாவிலோ கிடந்தால், பிள்ளைகள் அதைத் தொடாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும். பெரியவர் போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

மறுவாரம் அந்தப் பையன் தாத்தாவிடம் கேட்டு வந்து இன்னொன்று சொன்னான். துரை துப்பாக்கியைத் தாத்தா கையில் கொடுக்கும்போதெல்லாம், தோட்டாவை எடுத்துவிட்டு, நடுவில் மடித்துத் திறந்தபடியேதான் கொடுப்பாராம். "உடைந்துபோனதைத் தூக்கி வருவதுபோல் இருக்கும், மற்றப் பையன்கள் சிரிப்பார்கள்" என்றாராம் தாத்தா. ஏன் அப்படி என்று துரை சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. திறந்திருக்கும் குழல் வழியே மறுபக்கத்து வெளிச்சம் தெரியும். உள்ளே ஒன்றும் இல்லை என்பதைத் தூக்குகிறவனும் பின்னால் வருகிறவனும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் என்று பையனிடம் சொல்லி அனுப்பினோம். அறுபது ஆண்டு கழித்துத் தாத்தாவுக்கு விடை கிடைத்தது.